அமெரிக்காவில் சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறீர்களா? பார்வையாளரிடமிருந்து தொடங்குங்கள்

ஆஸ்கர் மிஷோ தெற்கு டகோட்டாவில் நிலம் உழுதவர். தான் எழுதிய நாவல்களை வீடு வீடாகப் போய்த் தானே விற்றவர். அவற்றில் ஒன்றைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி முன்வந்தபோது, தானே இயக்குவேன் என்று நின்றார். பேச்சு முறிந்தது. புத்தகம் வாங்கிய விவசாயிகளிடமே கம்பெனிப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டி, 1919-இல் படத்தை வெளியிட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் தயாரித்து இயக்கிய முதல் முழுநீளப் படம் அதுதான். அதன்பின் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அடுத்த படத்தின் நடிகர் புகைப்படங்களைத் தியேட்டர்காரர்களிடம் காட்டி, முன்கூட்டியே தேதி வாங்கினார்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர், லத்தீனோ, ஆசியர், பூர்வகுடியினர் ஆகிய வெள்ளையரல்லாத படைப்பாளிகள் நூறாண்டுகளாக எடுத்துவரும் சுயாதீனப் படங்களைப் பார்த்தால், நிலைத்தவற்றில் பல இந்த வழியில் வந்தவை. யார் பார்ப்பார்கள், உரிமை யார் கையில் இருக்கும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டுக் கேமராவைத் தொட்டவர்களின் படங்கள் அவை. அமெரிக்காவில் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து, முதல் குறும்படத்தையோ முதல் முழுநீளப் படத்தையோ எடுக்க நினைக்கும் நம்மவர்களுக்காக, அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். கேமரா மாடல், லென்ஸ் பற்றியெல்லாம் இதில் இல்லை. அவற்றைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

1. யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

திரைக்கதையின் முதல் வரிக்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தை எழுதிவிட வேண்டும். உங்கள் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய முதல் 500 பேர் யார்? அவர்கள் எங்கே கூடுகிறார்கள்? அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள் என்று சொல்லக்கூடிய மனிதர் யார்? ‘எல்லோரும்’ என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹைலி கெரிமாவின் ‘சங்கோஃபா’வைப் பாருங்கள். அடிமை முறையைப் பற்றிய அந்தப் படம் 1993-இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. ஆனாலும் அமெரிக்க விநியோகஸ்தர் யாரும் எடுக்கவில்லை. எத்தியோப்பியாவில் பிறந்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சினிமா கற்பித்துவந்த கெரிமாவும், அவருடைய துணைவியும் தயாரிப்பாளருமான ஷிரிகியானா அய்னாவும் வாஷிங்டனில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தாங்களே வெளியிட்டார்கள். கறுப்பினச் சமூக அமைப்புகள் ஆட்களைத் திரட்டின. படம் வாரக்கணக்கில் ஓடியது. பிறகு ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்க் குழு ஒன்று பொறுப்பேற்க, முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் போனது. 1990-களின் பிற்பகுதியில் அவர்கள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு புத்தகக் கடையையும் காபிக் கடையையும் திறந்தார்கள். உரிமை தங்கள் கையிலேயே இருந்ததால், 2021-இல் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட பிரதியை நெட்ஃபிளிக்ஸ் வழியாக மறுபடி உலகத்துக்குக் காட்ட முடிந்தது. 28 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு படம் தன்னை எடுத்தவருக்கு வருமானம் தர முடியும் என்பது சின்ன விஷயமில்லை.

நம் ஆட்களுக்கு இந்த ஒரு பக்கத்தை எழுதுவது எளிது என்றே நினைக்கிறேன். தமிழ்ப் பள்ளி, கோயில், தேவாலயம், ஊர்ச் சங்கம், பல்கலைக்கழக மாணவர் அமைப்பு என்று கூடும் இடங்கள் நமக்கு ஏற்கெனவே இருக்கின்றன. கனடாவில் லெனின் எம். சிவம் போன்றவர்கள் டொராண்டோ ஈழத்தமிழர் வாழ்க்கையை அங்கிருந்தே எடுத்தார்கள். அவருடைய ‘எ கன் அண்ட் எ ரிங்’ 2013-இல் ஷாங்காய் விழாவின் போட்டிப் பிரிவு வரை போனது. ஆனால் உங்கள் கதை தமிழர்களைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரவுநேர டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றிய படமென்றால் அந்த 500 பேரில் வங்காளிகளும் ஹைட்டிக்காரர்களும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள்.

2. கையில் இருப்பதை வைத்து எழுதுங்கள்

ஸ்பைக் லீ 1984-இல் தொடங்கிய முதல் முழுநீளப் பட முயற்சி பணமில்லாமல் நின்றுபோனது. அடுத்து எழுதியதில் சில பாத்திரங்கள், சில இடங்கள் மட்டும். புரூக்ளினில் 12 நாளில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், சுமார் 1,75,000 டாலரில் முடித்தார். நியூயார்க் மாநிலக் கலைக் கவுன்சில் தந்த 18,000 டாலரும் அதில் சேர்ந்தது. 1986-இல் வெளியான அந்தப் படம் 70 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. வெய்ன் வாங் 1982-இல் வெளியிட்ட ‘சான் இஸ் மிஸ்ஸிங்’ சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனுக்குள்ளேயே, சுமார் 22,000 டாலரில் முடிந்தது. பாரி ஜென்கின்ஸின் முதல் படத்துக்குச் செலவு சுமார் 15,000 டாலர். இரண்டு பேர், ஒரே நாள், ஒரே ஊர். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த ‘மூன்லைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

ஆகவே முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். அனுமதி கேட்காமல் உள்ளே போகக்கூடிய இடங்கள் எவை? நண்பரின் மளிகைக் கடை, மாமாவின் மோட்டல், உங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடி எதுவாகவும் இருக்கலாம். நடிக்கத் தெரிந்தவர்கள், சொன்ன நேரத்துக்கு வருபவர்கள் யார்? இந்தப் பட்டியலுக்குள் அடங்கும் கதையை எழுதுங்கள். பாத்திரம் நான்கைத் தாண்டினால் ஷூட்டிங் தேதிகள் ஒத்துவருவதே பெரும்பாடாகிவிடும்.

எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். யாரோ ஒரு வெளியாளுக்குப் புரிய வேண்டுமே என்று பாத்திரங்கள் தங்கள் பண்டிகையையும் சாப்பாட்டையும் விளக்கிக்கொண்டே இருந்தால், அந்த 500 பேர் மூன்றாவது நிமிடத்திலேயே மனம் விலகிவிடுவார்கள். வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே விடுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்தால் கலக்கட்டும். வெளியாள் தானாகப் பிடித்துக்கொள்வார்.

‘நம்மவர்களை நல்லவர்களாகவே காட்ட வேண்டும்’ என்ற அழுத்தமும் வரும். 2002-இல் சன்டான்ஸ் விழாவில் ஜஸ்டின் லின்னின் ‘பெட்டர் லக் டுமாரோ’ திரையிடப்பட்டது. தவறான வழியில் போகும் ஆசிய அமெரிக்க மாணவர்களின் கதை. படம் முடிந்ததும் பார்வையாளர் ஒருவர், உங்கள் சமூகத்தை ஏன் இப்படிக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இருக்கையிலிருந்து எழுந்து, வெள்ளை இயக்குநரிடம் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள் என்று உரக்க வாதாடினார். அடுத்த ஆண்டு அந்தப் படம் தியேட்டருக்கு வந்தபோது, முதல் வார இறுதியிலேயே பார்க்கச் சொல்லி ஆசிய அமெரிக்க அமைப்புகள் மின்னஞ்சல் வழியே ஆள் திரட்டின. குறையுள்ள மனிதர்களைக் காட்டிய படத்துக்குத்தான் அவ்வளவு ஆதரவும் வந்தது.

3. காகித வேலையை இப்போதே முடியுங்கள்

இந்தப் பகுதியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

திரைக்கதையை அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இணையத்திலேயே முடிந்துவிடும். முழுநீளப் படமென்றால் அந்த ஒரு படத்துக்கென்று எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள சிறு நிறுவனம்) ஒன்றைத் தொடங்கி, தனி வங்கிக் கணக்கில் வரவுசெலவை நடத்துங்கள். எழுதியவர், நடித்தவர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், இசையமைப்பாளர் ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்களிப்பின் உரிமை படத்துக்குச் சொந்தம் என்று ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். நெருங்கிய நண்பரென்றாலும் வாங்குங்கள். நாளைக்கு விநியோகஸ்தர் முதலில் கேட்பது இந்தக் காகிதச் சங்கிலியைத்தான். ஒரு கண்ணி இல்லையென்றாலும் விநியோகத்துக்குத் தேவையான பாலிசியைக் காப்பீட்டு நிறுவனம் தராது, படம் அலமாரியில் கிடக்கும்.

பாட்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். சார்லஸ் பர்னெட் யு.சி.எல்.ஏ. மாணவராக இருந்தபோது, லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் வார இறுதிகளில் எடுத்த படம் ‘கில்லர் ஆஃப் ஷீப்’. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. ஆய்வுப் படமாக 1970-களின் இறுதியில் சமர்ப்பித்தார். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. இவ்வளவு பெருமை இருந்தும் படம் தியேட்டருக்கு வந்தது 2007-இல்தான். காரணம், படம் முழுக்க ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை வாங்கப்படவில்லை. அவற்றை வாங்க மட்டும் 1,50,000 டாலர் ஆனது. அதாவது படச் செலவைப் போல 15 மடங்குக்கும் மேல். ஒரு தலைமுறை முழுக்க அந்தப் படத்தைப் பார்க்காமலே போனது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் வாங்க வேண்டும். மெட்டும் வரிகளும் ஒருவரிடம் இருக்கும், பதிவு செய்த ஒலி இன்னொருவரிடம் இருக்கும். பின்னணியில் டீக்கடை ரேடியோவில் ஒலிக்கும் இளையராஜா பாட்டுக்கும் இதேதான். விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாக உரிமை வாங்குவது ஒரு வழி. ஆனால் வாங்கும்போதே தியேட்டருக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் பிற்பாடு என்ன விலை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதைவிட நல்லது, உங்கள் தலைமுறை இசைக்கலைஞர் ஒருவரைக் கூட்டுச்சேர்த்துப் புதிதாக இசை அமைப்பது. 1971-இல் இயக்குநர் மெல்வின் வேன் பீபிள்ஸ் அப்போது அதிகம் தெரியாத எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவை வைத்துத் தன் படத்தின் இசைத்தட்டைப் படத்துக்கு முன்பே வெளியிட்டார். விளம்பரத்துக்குக் காசில்லாத படத்துக்கு அந்தத் தட்டே விளம்பரமானது. முதலில் இரண்டே தியேட்டர்களில் வந்த படம் ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ஆவணப்படம் எடுப்பவர்கள், பிறர் காட்சிகளையும் செய்தித் துணுக்குகளையும் எந்த அளவுக்கு அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்பதற்கு, அமெரிக்க ஆவணப்பட அமைப்புகள் 2005-இல் சேர்ந்து வெளியிட்ட நியாயப் பயன்பாட்டு நெறிமுறையைத் தேடிப் படியுங்கள். எளிய நடையில், இலவசமாகக் கிடைக்கிறது.

4. பணம்: நாலு பக்கமும் தட்டுங்கள்

ஒரே இடத்தை நம்பாதீர்கள். இதை இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொதுத் தொலைக்காட்சி வழியாக வெள்ளையரல்லாத படைப்பாளிகளுக்குப் பணம் தரவென்றே ஐந்து அமைப்புகள் நெடுங்காலமாக இயங்கின: பிளாக் பப்ளிக் மீடியா, சென்டர் ஃபார் ஏஷியன் அமெரிக்கன் மீடியா, லத்தீனோ பப்ளிக் பிராட்காஸ்டிங், பசிபிக் ஐலண்டர்ஸ் இன் கம்யூனிகேஷன்ஸ், விஷன் மேக்கர் மீடியா. இவற்றுக்கு முக்கிய வரவு பொது ஒளிபரப்புக் கழகத்திடமிருந்து வந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் தன்னை மூடப்போவதாக அறிவித்தது. பல படங்கள் பாதியில் தவித்தன. எனவே எந்த நல்கையாக இருந்தாலும், விண்ணப்பிக்குமுன் இந்த ஆண்டு உண்மையாகவே திறந்திருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

தனியார் அறக்கட்டளைகளும் தனிமனிதர்களும் நன்கொடை தர ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்று பெயர். 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதியுள்ள ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் படத்தைத் தன் குடையின்கீழ் எடுத்துக்கொள்ளும். நன்கொடை அவர்கள் கணக்கில் விழும். கொடுத்தவருக்கு வரிவிலக்கு கிடைக்கும். நிறுவனம் தன் கட்டணமாக வழக்கமாக 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தரும். உரிமை உங்களிடமே இருக்கும். 1967-இல் தொடங்கிய தேர்ட் வேர்ல்ட் நியூஸ்ரீல், 1972-இல் தொடங்கிய விமன் மேக் மூவீஸ், ஃபிலிம் இண்டிபெண்டண்ட் ஆகியவை இதைச் செய்கின்றன. மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் நண்பர்களிடம் இந்த வழியில் கேட்டால், பல கம்பெனிகள் ஊழியர் கொடுத்த தொகைக்கு ஈடாகத் தாங்களும் கொடுக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இணைய நிதிதிரட்டலில் கிக்ஸ்டார்ட்டர் முழு இலக்கும் எட்டினால்தான் பணம் தரும். ஆகவே இலக்கைக் குறைவாக வையுங்கள். தொடங்கும் நாளுக்கு முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு வாக்குறுதி வாங்கிவிடுங்கள். இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கொடுத்த ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் சேர்கிறது. முதல் படியில் எழுதிய 500 பேருக்கு அப்போது பெயர் கிடைத்துவிடும்.

கடன் அட்டையில் முழுப் படத்தையும் எடுத்து ஜெயித்தவர் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். தோற்றவர்களின் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. அந்த வழி வேண்டாம்.

5. ஆட்களைச் சேர்ப்பது

பணமில்லாத படத்தில் கூட நேரத்துக்குச் சூடான சாப்பாடு, 12 மணி நேரத்துக்கு மேல் போகாத வேலைநாள், வீடு திரும்பப் பயணச் செலவு இந்த மூன்றும் கட்டாயம். சம்பளம் குறைவென்றால் எல்லோருக்கும் ஒரே அளவு குறையட்டும், அதையும் முன்பே எழுதிக் காட்டுங்கள்.

தொழிற்சங்க நடிகர் வேண்டுமென்றால் பயப்பட வேண்டாம். சாக்-ஆஃப்ட்ரா சங்கத்தில் மாணவர் படம், குறும்படம், 3,00,000 டாலருக்குட்பட்ட மிகக் குறைந்த பட்ஜெட் படம் என்று தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஷூட்டிங்குக்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள், சம்பளம் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் முன்பு கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாத ஒரு நாள் கூலி பின்னால் விசாவையே பாதிக்கலாம்.

வழிகாட்டிகளைத் தேடுகிறீர்களென்றால், ஃபிலிம் இண்டிபெண்டண்டின் புராஜெக்ட் இன்வால்வ் 1993 முதல் நடக்கிறது. ஆவணப்படக்காரர்களுக்கு ஃபயர்லைட் மீடியாவின் டாக் லேப் இருக்கிறது. வெள்ளையரல்லாத பெண்களுக்கும் பால் இருமைக்குள் அடங்காதவர்களுக்கும் பிரௌன் கேர்ள்ஸ் டாக் மாஃபியா என்ற கூட்டமைப்பு இருக்கிறது. இவற்றில் இடம் கிடைக்கவில்லையென்றால் இன்னொருவர் படத்தில் ஒலிப்பதிவு உதவியாளராகவோ தயாரிப்பு உதவியாளராகவோ போய் நில்லுங்கள். உங்கள் படத்துக்கு வரப்போகும் ஆட்களை அங்கேதான் சந்திப்பீர்கள்.

6. முகத்தை அதன் நிறத்திலேயே எடுப்பது

நம் ஊரில் கறுத்த நடிகரின் முகத்தில் வெளிறிய மேக்கப்பை அப்பியதைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அங்கே விட்டதை இங்கே சரியாகக் கற்றுக்கொள்ளலாம்.

பிலிம் காலத்தில் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்திருந்தன. ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கோடாக் பிலிம் பழுப்பு நிறங்களை மேம்படுத்தியதற்குக் கூட, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருள் சரியாகத் தெரியவில்லை என்று புகார் செய்ததுதான் தூண்டுதலாக இருந்தது என்று ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் லைட் வைப்பவரின் பழக்கம் மாறாவிட்டால் முகம் சாம்பலாகவோ வெறும் நிழலாகவோதான் வரும்.

கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது அதன்மேல் படரும் பிரதிபலிப்பு. அதனால் வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் பயன் குறைவு, மூக்கு நுனி மட்டும்தான் மின்னும். பெரிய, மென்மையான ஒளிப்பரப்பு வேண்டும். வெள்ளை மஸ்லின் துணியிலோ தெர்மாகோலிலோ லைட்டை அடித்து, அதிலிருந்து திரும்பும் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழச் செய்யுங்கள். ‘இன்செக்யூர்’ தொடரின் ஒளிப்பதிவாளர் ஆவா பெர்காஃப்ஸ்கி வெள்ளைப் பலகைகளையும் துணிகளையும் வைத்து இப்படித்தான் செய்தார். தோலில் மாய்ஸ்சரைசர் பூசுவதும், மினுக்கம் எவ்வளவு தெரியவேண்டும் என்பதை போலரைசர் ஃபில்டரால் கட்டுப்படுத்துவதும் அவருடைய முறைகள். ‘மூன்லைட்’ படத்தில் பவுடரைத் தவிர்த்து எண்ணெய்ப் பளபளப்பை வைத்துக்கொண்டார்கள். மயாமி வெயிலில் தோல் அப்படித்தான் மின்னும் என்பதால்.

வேறுவேறு நிறமுள்ள இருவர் ஒரே ஃபிரேமில் வந்தால், கறுத்தவரை முக்கிய லைட்டுக்கு அருகிலும் வெளுத்தவரைத் தள்ளியும் நிறுத்துங்கள். இடமாற்ற முடியாதென்றால் வெளுத்தவர் பக்கம் மட்டும் ஒரு கறுப்புத் துணியால் ஒளியைத் தணியுங்கள். கறுத்த முகத்துக்குப் பக்கத்தில் தும்பைப்பூ வெள்ளைச் சட்டை வேண்டாம். கிரீம், கடுகு மஞ்சள், செங்கல் நிறங்கள் முகத்தை விழுங்காது. பின்னணிச் சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு ஒளி விளிம்பு இருக்கட்டும்.

நடிகர்கள் அனைவரையும் ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு உட்காரவைத்து கேமரா டெஸ்ட் எடுங்கள். மேக்கப் கலைஞரிடம் அவர்கள் நிறத்துக்கான ஷேடுகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். சுருட்டை முடியைக் கையாளத் தெரிந்தவரா என்றும் கேளுங்கள். நடிகரே வீட்டில் முடியைச் சரிசெய்துகொண்டு வரவேண்டிய நிலை பெரிய படங்களிலேயே இருக்கிறது. உங்கள் படத்தில் அது நடக்க வேண்டாம்.

7. தெருவில் எடுக்கும்போது

நியூயார்க்கில் கையில் பிடித்த கேமராவோ ட்ரைபாடோ மட்டும் வைத்து, நடைபாதையை மறிக்காமல், வாகனம் நிறுத்த இடம் கேட்காமல் எடுத்தால் பர்மிட் தேவைப்படாது. அதற்குமேல் போனால் மேயர் அலுவலகத்தின் ஊடகப் பிரிவில் வாங்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில் ஃபிலிம் எல்.ஏ. தருகிறது. பொதுவாகப் பத்து லட்சம் டாலருக்கான பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். மாணவரென்றால் கல்லூரியின் காப்பீடே போதுமா என்று விசாரியுங்கள்.

பர்மிட் கட்டாயமில்லாத இடத்தில் கூட, உங்கள் குழுவில் கறுப்பு, பழுப்பு நிறத்தவர்கள் இருந்தால் ஏதாவது ஒரு காகிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. யாராவது 911-ஐ அழைத்தால் போலீஸ் வந்து முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். குழுவில் ஒருவரைப் போலீஸோடு பேச மட்டும் நியமியுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் முந்தின நாளே படம், தேதி, நேரம், உங்கள் தொலைபேசி எண் போட்ட துண்டுச்சீட்டைக் கொடுங்கள். பொம்மைத் துப்பாக்கியைத் திறந்தவெளியில் எடுக்கவே கூடாது. கிளீவ்லாந்தில் 2014-இல் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸைப் போலீஸ் வந்த சில நொடிகளில் சுட்டது. அந்தக் காட்சி தவிர்க்கவே முடியாதென்றால் மூடிய அறைக்குள், காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு எடுங்கள். எந்த ஷாட்டும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

8. ஒலி, எடிட்டிங்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வாடகையைக் குறைத்து ஒலிப்பதிவாளருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். தினமும் காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, இரண்டும் இரண்டு வீடுகளுக்குப் போகட்டும். ஷூட்டிங்கிலேயே ஒருவரை நல்ல புகைப்படங்கள் எடுக்கச் சொல்லுங்கள், விழாக்களும் பத்திரிகைகளும் முதலில் கேட்பது அதைத்தான். ரஃப் கட் (முதல்கட்ட எடிட்டிங்) முடிந்ததும் அந்த 500 பேரில் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சினிமாக்காரர்கள் வேண்டாம். எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலை இயந்திரத்திடம் விடாமல் இரண்டு மொழியும் அறிந்தவரிடம் கொடுங்கள்.

9. விழாக்கள்

குறும்படம் என்றால் டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம் என்பது ஆஸ்கர் அகாடமியின் வரம்பு. ஆனால் விழா அட்டவணைக்குள் எளிதில் அடங்குவது 15 நிமிடத்துக்குள் இருக்கும் படம்.

சன்டான்ஸுக்கு அனுப்புங்கள், அதை மட்டும் நம்பி ஓராண்டு காத்திருக்காதீர்கள். உங்கள் பார்வையாளர்கள் வரும் விழாக்கள் வேறு இருக்கின்றன. பிலடெல்பியாவில் 2012-இல் தொடங்கிய பிளாக்ஸ்டார், லாஸ் ஏஞ்சலீஸில் 1992 முதல் நடக்கும் பான் ஆஃப்ரிகன் விழா, நியூயார்க்கில் 1978 முதல் நடக்கும் ஏஷியன் அமெரிக்கன் சர்வதேச விழா, சான் பிரான்சிஸ்கோவின் காம்ஃபெஸ்ட், சியாட்டிலில் தெற்காசியர்களுக்கான தஸ்வீர், டொராண்டோவில் பூர்வகுடிகளுக்கான இமாஜின்நேட்டிவ். இவற்றில் அரங்கு நிரம்பும். கேள்வி நேரத்தில் எழும் கேள்விகளிலேயே உங்கள் அடுத்த படத்துக்கு விதை கிடைக்கும்.

நுழைவுக் கட்டணம் சேர்ந்தால் ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தொட்டுவிடும். பட்ஜெட்டிலேயே அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கட்டண விலக்கு கேட்டு இரண்டு பத்தி மின்னஞ்சல் எழுதுவதில் வெட்கம் வேண்டாம், பல விழாக்கள் தருகின்றன. முழுநீளப் படத்துக்கு ‘முதல் திரையிடல்’ என்ற நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். சிறிய விழா ஒன்றில் அவசரப்பட்டுக் காட்டிவிட்டால் பெரிய விழாவின் கதவு அடைபடலாம். இணையத்தில் பொதுவில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான்.

10. விநியோக ஒப்பந்தம்

முதல் படத்துக்கு ஒருவர் ஒப்பந்தத்தை நீட்டினால் மகிழ்ச்சியில் கையெழுத்திடத் தோன்றும். ஒரு பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். முடியாவிட்டால், கலைஞர்களுக்கு இலவசமாக உதவும் வழக்கறிஞர் தன்னார்வ அமைப்பு உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பார்க்க வேண்டியவை: உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு? 15, 20 என்றிருந்தால் 5, 7 என்று கேளுங்கள். எந்தெந்த நாடுகள்? உலகம் முழுவதும் என்று எழுதிவிட்டால், இந்தியாவிலோ இலங்கையிலோ நீங்களே காட்ட நினைத்தாலும் முடியாது. விளம்பரச் செலவு என்று அவர்கள் கழிக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டா? அது இல்லாத ஒப்பந்தத்தில் படைப்பாளிக்கு ஒரு டாலர் கூட வராமல் போகலாம். நிறுவனம் மூடப்பட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்புமா? கல்லூரி, நூலகத் திரையிடல் உரிமையையும், ஊர் ஊராக நீங்களே காட்டும் உரிமையையும் உங்களிடமே வைத்துக்கொள்ள முடியுமா?

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆவணப்படத்துக்கும் சமூகக் கதைகளுக்கும் பல்கலைக்கழகங்கள் ஒரு பிரதிக்குச் சில நூறு டாலர் வரை கொடுக்கின்றன. தேர்ட் வேர்ல்ட் நியூஸ்ரீலும் விமன் மேக் மூவீஸும் இந்தச் சந்தையில்தான் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. 1971-இல் தொடங்கிய நியூ டே ஃபிலிம்ஸ் படைப்பாளிகளே உரிமையாளர்களாக நடத்தும் கூட்டுறவு.

தியேட்டருக்கும் வழி இருக்கிறது. ஆவா டுவெர்னே பிற இயக்குநர்களின் படங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர். 50,000 டாலரில் எடுத்த முதல் கதைப்படத்தை 2011-இல் வெளியிட, பல நகரங்களில் இருந்த கறுப்பினத் திரைப்பட விழா அமைப்புகளை ஒன்றாகக் கோத்து ஒரு விநியோக அமைப்பையே உருவாக்கினார். அதுதான் இன்றைய அரே. ‘சங்கோஃபா’வை நெட்ஃபிளிக்ஸுக்குக் கொண்டுசேர்த்ததும் அவர்கள்தான். நீங்கள் தனியாகச் செய்வதென்றால், ஒரு ஊரில் வார நாள் மாலை ஒன்றுக்குத் தியேட்டர் அரங்கை வாடகைக்கு எடுத்து, உள்ளூர் அமைப்பு ஒன்றோடு வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு தேறினால் அடுத்த ஊர்.

11. மாஸ்டரைப் பாதுகாத்தல்

மிஷோ நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். மௌனப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1920-இல் வந்த ‘வித்தின் அவர் கேட்ஸ்’ அமெரிக்காவில் ஒரு பிரதி கூட இல்லாமல், ஸ்பெயினில், ஸ்பானிய டைட்டில்களோடு 1970-களில் கிடைத்தது. நாடாளுமன்ற நூலகம் 1993-இல் அதைச் சீரமைத்தது.

ஹார்ட் டிஸ்க் பிலிமைவிடச் சீக்கிரம் சாகும். மாஸ்டர் கோப்பு (முடிந்த படத்தின் மூலப்பிரதி), திரையில் எழுத்தில்லாத பிரதி, வசனமில்லாத இசை-ஒலித் தடம், சப்டைட்டில் கோப்புகள், ஒப்பந்தங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தையும், உங்கள் சமூகத்தின் வரலாற்றைச் சேகரிக்கும் காப்பகத்தையும் அணுகி, உரிமையை எழுதிக்கொடுக்காமல் ஒரு பிரதியை மட்டும் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன, கடவுச்சொல் யாரிடம், உங்களுக்குப்பின் உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, எல்.எல்.சி. காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.